தார் விளிம்பில் ஒன்பது மணி நேரம்: ஸ்காட்லாந்தின் ஒற்றைத்தடச் சாலையில் ஒரு கனரக டிரெய்லர்

ஸ்காட்லாந்தின் மேற்கு ஹைலண்ட்ஸ் மலைப்பகுதியில், ஒரு முட்டுச் சாலையில், 58 டன் எடையுள்ள லோபெட் (கனரக இயந்திரங்களை ஏற்றும் தாழ்தள) டிரெய்லர் ஒன்று ஓரம் சரிந்து நின்றது. யாருக்கும் காயம் இல்லை, சுமையும் கவிழவில்லை. ஆனால் சாலையின் கடைசியில் இருந்த நாற்பது வீடுகளுக்கு அன்று காலை முதல் இரவு வரை வெளியே போக வழியில்லாமல் போனது. அந்தப் பயணத்துக்குப் பாதை வகுத்துக் கொடுத்தவன் நான்.

ஓட்டுநர், நிறுவனம், ஊர், சாலை எதற்கும் இங்கே பெயர் இல்லை. கனரக வண்டி ஓட்டுகிறவர்களும், அவர்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பின்னணி

மலையோடை ஒன்றில் சிறிய நீர்மின் நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய் பதிக்கப் பாறையை உடைக்க வேண்டும். அதற்கு 36 டன் பொக்லைன் தேவைப்பட்டது. 13 டன் பொக்லைன் ஒன்று ஏற்கெனவே அங்கே வேலை செய்துகொண்டிருந்தது. பாறைக்கு அது போதவில்லை. எங்கள் யார்டு இன்வெர்னெஸ் நகரத்தின் பக்கம். அங்கிருந்து பெரிய சாலையில் இரண்டு மணி நேரம், அப்புறம் 11 கிலோமீட்டர் ஒற்றைத்தடம்.

பொக்லைனின் அகலம் 3.2 மீட்டர். இயந்திரம், டிரெய்லர், இழுவை லாரி எல்லாம் சேர்ந்து 58 டன். பிரிட்டனில் சாதாரண லாரிக்கு உச்சவரம்பு 44 டன். அதற்கு மேல் போனால் எஸ்.டி.ஜி.ஓ. என்கிற சிறப்பு அனுமதி விதிகளுக்குள் வரும். 50 டன்னுக்கு மேல் 80 டன் வரை பிரிவு 2. நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்த இரட்டைச் சாலை அல்லாத சாலைகளில் மணிக்கு 30 மைல்தான் போகலாம். சாலை, பாலம் ஆகியவற்றின் பொறுப்பாளர்களுக்கு இரண்டு முழு வேலை நாள் முன்னதாக அறிவிக்க வேண்டும். அகலம் காரணமாகக் காவல்துறைக்கும் அறிவிக்க வேண்டும். நம் வண்டியால் சாலைக்குச் சேதம் வந்தால் ஈடு செய்வோம் என்று உறுதிமொழியும் தர வேண்டும். எல்லாவற்றையும் தந்தேன். பாலங்களின் தாங்குதிறன் பற்றி ஆட்சேபம் எதுவும் வரவில்லை.

வழியில் ஒரு தானியங்கி ரயில்வே கேட் உண்டு. அதற்கும் தனியாகக் குறிப்பு எழுதியிருந்தேன்: வண்டியை நிறுத்து, கேட் பக்கத்திலுள்ள தொலைபேசியில் சிக்னல்காரரைக் கூப்பிடு, அவர் சொன்ன பிறகு கட. இந்த விதி வந்ததற்குப் பின்னால் ஒரு பெரிய துயரம் இருக்கிறது. 1968 ஜனவரி 6 அன்று இங்கிலாந்தின் ஹிக்சன் என்ற ஊரில், 120 டன் மின்மாற்றியை ஏற்றிய வண்டி இப்படி ஒரு தானியங்கிக் கேட்டைக் கடந்துகொண்டிருந்தது. வண்டியின் நீளம் 45 மீட்டர். வேகம் மணிக்கு இரண்டு மைல். அந்த வேகத்தில் தண்டவாளத்தைத் தாண்ட ஏறக்குறைய ஒரு நிமிடம் வேண்டும். கேட்டின் மணி அடித்ததிலிருந்து ரயில் வந்து சேர இருந்த நேரமோ 24 வினாடி. 11 பேர் இறந்தார்கள். இன்று 18.75 மீட்டருக்கு மேல் நீளமோ, 2.9 மீட்டருக்கு மேல் அகலமோ, 44 டன்னுக்கு மேல் எடையோ உள்ள வண்டியும், மணிக்கு ஐந்து மைலுக்கு மேல் போக முடியாத வண்டியும் கூப்பிட்டுச் சொல்லாமல் அந்த மாதிரி கேட்டைக் கடக்கக் கூடாது.

விதி இருந்த இடத்திலெல்லாம் நான் கவனமாக இருந்தேன். கடைசி 11 கிலோமீட்டரின் ஓரம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

வண்டி

ஐரோப்பிய லாரிகளுக்கு மூக்கு கிடையாது. எஞ்சினுக்கு மேலேயே கேபின் உட்கார்ந்திருக்கும். இதற்குக் காரணம் நீளக் கட்டுப்பாடு. இங்கே டிரெய்லரோடு சேர்ந்த லாரிக்குப் பொதுவாக 16.5 மீட்டர்தான் என்று வைத்து, முன் பம்பரிலிருந்து கடைசி விளிம்பு வரை அளக்கிறார்கள். மூக்கு நீண்டால் சுமைக்கான இடம் குறையும். அமெரிக்காவில் 1982ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தேசிய நெடுஞ்சாலைகளில் டிரெய்லரை மட்டும்தான் அளக்கிறார்கள். அதனால் அங்கே மூக்கு லாரி பெருகியது.

கேபின் மேலே இருப்பதால் ஓட்டுநர் முன் சக்கரத்துக்கும் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். வளைவில் அவர் உடம்பு முதலில் சாலைக்கு வெளியே போகும். சக்கரம் பிறகுதான் வந்து சேரும். அதனால் பழகிய ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் தாமதமாகத்தான் ஒடிப்பார். முன்பக்கம் எங்கே இருக்கிறது என்பது அவருக்குக் கையில் பிடித்த மாதிரி தெரியும். ஆனால் டிரெய்லரின் பின் சக்கரங்கள் அவருக்குப் பன்னிரண்டு மீட்டர் பின்னால் இருக்கின்றன. அவை முன் சக்கரம் போன தடத்தில் வருவதில்லை, வளைவின் உள்பக்கமாக வெட்டிக்கொண்டுதான் வரும்.

எவ்வளவு வெட்டும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. இழுவை லாரியின் முன், பின் அச்சுகளுக்கு இடைவெளி 4 மீட்டர். டிரெய்லரை லாரியோடு பிணைக்கும் இணைப்பு ஊசியிலிருந்து டிரெய்லர் அச்சுகளின் நடுப்புள்ளி வரை 8.5 மீட்டர். இரண்டையும் தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டினால் 88. வளைவின் ஆரம் 40 மீட்டர் என்றால் அதன் இருமடங்கான 80ஆல் வகுக்க வேண்டும். 1.1 மீட்டர் வருகிறது. சக்கரங்களின் வெளி அகலம் 2.55 மீட்டர், இரண்டையும் சேர்த்தால் 3.65 மீட்டர். அந்தச் சாலையின் தார் அகலம் 3.3 மீட்டர்.

அதாவது எதிரே ஒரு வண்டியும் வராமல் இருந்தாலும்கூட, அந்த வளைவில் ஏதோ ஒரு சக்கரம் தாரை விட்டு இறங்கியே தீர வேண்டும். இரண்டு நிமிடக் கணக்கு இது. சம்பவம் நடந்து மூன்றாம் நாள்தான் போட்டுப் பார்த்தேன்.

சாலை

ஹைலண்ட்ஸின் பழைய சாலைகளில் பலவும் 1803ஆம் ஆண்டுக்குப் பிறகு பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டின் மேற்பார்வையில் போடப்பட்டவை, அல்லது அவற்றை ஒட்டி வளர்ந்தவை. குதிரை வண்டிக்கும் ஆட்டு மந்தைக்கும் போட்ட அகலம். பின்னாளில் மேலே தார் ஊற்றி, சில நூறு மீட்டருக்கு ஒன்றாக ஒதுங்குமிடம் வெட்டினார்கள். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடம் யாருக்கு இடப்பக்கம் இருக்கிறதோ அவர் அதற்குள் போக வேண்டும். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேர் எதிரே சாலையிலேயே நிற்க வேண்டும். மேடு ஏறி வருகிறவருக்கு முடிந்தவரை வழிவிட வேண்டும். உள்ளூர்க்காரர்கள் இதைக் கண்ணாலேயே பேசி முடித்துவிடுவார்கள். இப்போதெல்லாம் வாடகைக்கு எடுத்த, உள்ளேயே படுத்துத் தூங்கக்கூடிய கேம்பர் வேனில் சுற்றுலா வருகிறவர்கள் அதிகம். அவர்களில் பலருக்கு அவ்வளவு பெரிய வண்டியை ரிவர்ஸ் எடுத்துப் பழக்கமே இருக்காது.

தாருக்குக் கீழே இருக்கும் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல இடங்களில் அது பீட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகொடிகள் முழுதாக மட்காமல் தண்ணீரில் ஊறிக் கிடக்கிற கரிய மண். ஈரத்தில் நனைந்த பஞ்சு மாதிரி இருக்கும். தாரின் நடுப்பகுதி பல ஆண்டுப் போக்குவரத்தில் கெட்டிப்பட்டிருக்கும். ஓரம் அப்படி இல்லை. அதன் மேல் புல் வளர்ந்து தார் விளிம்பையும் மூடிவிடும். அப்புறம் தார் எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று கேபினிலிருந்து தெரியாது.

அன்று காலை

அக்டோபர் மாதம். அதற்கு முந்தைய மூன்று நாளும் மழை. ஓட்டுநர் காலை 6.30க்கு யார்டை விட்டுக் கிளம்பினார். இருபது ஆண்டுகளுக்கு மேல் கனரக வண்டி ஓட்டியவர். பிரான்ஸ், ஜெர்மனி எல்லாம் போய் வந்தவர். ஆனால் லோபெட்டில் அவருக்கு அது இரண்டாம் மாதம், அந்தச் சாலை முதல் முறை. முன்னே போக வழிகாட்டி வண்டி இல்லை. சுமையின் அகலம் 3.5 மீட்டரைத் தாண்டினால்தான் உடன் ஓர் ஆள் கட்டாயம், எங்களுடையது 3.2 மீட்டர். கட்டாயம் இல்லை என்பதால் அனுப்பவில்லை. அந்த முடிவை எடுத்தவனும் நான்தான்.

ரயில்வே கேட்டில் முறைப்படி கூப்பிட்டுக் கடந்தார். 9.40க்கு ஒற்றைத்தடத்துக்குள் நுழைந்தார். முதல் ஆறு கிலோமீட்டரில் இரண்டு கார்கள் எதிரே வந்தன. இரண்டும் தாமாக ரிவர்ஸ் எடுத்து ஒதுங்கின. 10.10க்கு இடது பக்கம் திரும்பும் ஒரு வளைவு. அதன் வெளிப்பக்கத்தில், அதாவது அவருக்கு வலப்பக்கத்தில், ஓர் ஒதுங்குமிடம். அதற்குள் ஒரு கேம்பர் வேன் நின்று விளக்கை மினுக்கி, வாருங்கள் என்று காட்டியது. வேன்காரர் தவறு எதுவும் செய்யவில்லை. விதி சொன்னபடியே ஒதுங்கி நின்றார்.

ஆனால் அந்த ஒதுங்குமிடம்தான் எங்கள் டிரெய்லருக்குத் தேவையான அகலம். அது காலியாக இருந்திருந்தால் லாரியின் தலையை அதற்குள் விட்டு அகலமாக வளைத்திருக்கலாம். பின் சக்கரங்கள் தாரிலேயே வந்திருக்கும். அது அடைபட்டுவிட்டது. ஓட்டுநர் நடை வேகத்தில் உள்ளே போனார். பிரிட்டனில் ஸ்டீயரிங் வலப்பக்கம்; வேனின் கண்ணாடி அவர் ஜன்னலுக்குக் கைநீட்டும் தூரத்தில் இருந்தது. பொக்லைனின் பட்டைகள் டிரெய்லரின் சக்கரங்களுக்கு வெளியே இரு பக்கமும் ஓரடிக்கு நீட்டிக்கொண்டிருந்தன. அது வேனை உரசிவிடக் கூடாது என்று இன்னும் ஓரடி இடப்பக்கம் போனார். கண் முழுக்க வலப்பக்கம். இடது கண்ணாடியில் டிரெய்லரின் பின் சக்கரங்கள் புல்லை மிதிப்பது தெரிந்திருக்கும், பார்த்திருந்தால்.

வேனைத் தாண்டிவிட்டோம் என்று அவர் மூச்சு விட்ட நேரத்தில் பின்னால் ஒரு மெதுவான இறக்கம். சத்தமே இல்லை என்று பிறகு சொன்னார். டிரெய்லரின் இடப்பக்கச் சக்கரங்கள் மூன்றும் 35 சென்டிமீட்டர் கீழே இறங்கியிருந்தன. தார் விளிம்பு ரொட்டித் துண்டு மாதிரி பிய்ந்து சாக்கடைப் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தது.

நின்ற பிறகு முதல் அரை மணி நேரம்

அவர் செய்த மிகச் சரியான காரியம், அங்கேயே நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஏறிவிடப் பார்க்கவில்லை. பீட் மண்ணில் சக்கரம் ஒரு சுற்று சுற்றியிருந்தாலும் இன்னும் அரையடி இறங்கியிருக்கும். ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, சாய்ந்த பக்கத்தை விட்டு வலப்பக்கக் கதவு வழியாக இறங்கினார். அப்புறம் பொக்லைனை டிரெய்லரோடு கட்டியிருந்த செயின்களை மட்டும் தூரத்திலிருந்து பார்த்தார். எல்லாம் இறுக்கமாகவே இருந்தன.

சாய்வு சுமார் பத்து டிகிரி. அந்தச் சாய்வில் பொக்லைன் தன் எடையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு விசையோடு, அதாவது ஆறு டன் அளவுக்கு, பக்கவாட்டில் வழுக்கப் பார்க்கும். பக்கவாட்டுக் கட்டுக்கு விதி கேட்பது சுமையின் எடையில் பாதி. காலையில் 13 மில்லிமீட்டர் செயின் போட்டு முறையாகக் கட்டியிருந்தார். இயந்திரம் ஓர் அங்குலம்கூட நகரவில்லை. யார்டில் செயின் கட்டும்போது நேரம் ஆகிறது என்று எரிச்சல்படுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அன்று எடுத்த படத்தை நான் இன்றும் காட்டுகிறேன்.

அங்கே செல்போன் சிக்னல் இல்லை. அறுநூறு மீட்டர் மேடேறிப் போய்த்தான் என்னைக் கூப்பிட்டார். "தாரை விட்டு இறங்கிவிட்டது. கவிழவில்லை. சாலை முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கிறேன்" என்றார். காவல்துறைக்கும் உள்ளாட்சி நிர்வாகமான கவுன்சிலின் சாலைப் பிரிவுக்கும் மீட்பு வண்டிக்காரர்களுக்கும் நான் சொன்னேன். மீட்பு வண்டி வந்து சேர இரண்டரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

ஹைலண்ட்ஸில் ஒரு சாலை அடைபட்டால் என்ன ஆகும் என்பது பெரிய சாலைகளிலேயே பார்த்த கதை. 2011 டிசம்பரில் ஸ்ட்ரோம்ஃபெரி அருகே பாறை சரிந்து ஏ890 சாலை மூடியபோது, மாற்றுப் பாதை 140 மைல் சுற்று. எங்கள் சாலைக்கு அந்தச் சுற்றும் இல்லை. அது முட்டுச் சாலை.

மூன்று யோசனைகள்

மதியத்துக்குள் நானும் போய்ச் சேர்ந்தேன். கட்டுமானத் தளத்தின் பொறுப்பாளர் தளத்திலிருந்த 13 டன் பொக்லைனை நடத்திக்கொண்டு எதிர்ப்பக்கமாக வந்து நின்றார். உதவ வேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். நாளைக்குப் பாறை உடைக்கத் தொடங்க வேண்டிய அவசரமும் இருந்தது.

முதல் யோசனை அவருடையது: பெரிய பொக்லைனை ஸ்டார்ட் செய்து டிரெய்லரின் பின்பக்கமாக இறக்கிவிடலாம், 36 டன் குறைந்தால் டிரெய்லர் தானே ஏறிவிடும். கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் சாய்ந்த இரும்புத் தளத்தில் இரும்புப் பட்டை வழுக்கும். இறங்கத் தொடங்க வேண்டுமென்றால் செயினை அவிழ்க்க வேண்டும். இயந்திரத்தைப் பிடித்துவைத்திருப்பதே அந்தச் செயின்தான். இறங்கும் நேரத்தில் எடை முழுவதும் பின் அச்சுகளுக்குப் போகும், அதாவது எந்தச் சக்கரங்கள் புதைந்திருக்கின்றனவோ அவற்றின் மேலேயே. உள்ளே ஓர் ஆள் வேறு உட்கார்ந்திருக்க வேண்டும். முடியாது என்றேன்.

இரண்டாவது, 13 டன் பொக்லைனின் கையில் கம்பிவடம் கட்டி முன்னால் இழுப்பது. அது தோண்டுவதற்கான கை, 58 டன்னை இழுப்பதற்கானது இல்லை. வடம் அறுந்தால் சாட்டை மாதிரி வீசும். தவிர, பக்கவாட்டில் தாங்கல் கொடுக்காமல் முன்னால் இழுத்தால் டிரெய்லர் விளிம்பை ஒட்டியே கிழித்துக்கொண்டு போகும். அதுவும் வேண்டாம்.

மூன்றாவது, காத்திருப்பது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். ஊரிலிருந்து ஒரு பெரியவருக்கு அன்று இன்வெர்னெஸ் மருத்துவமனையில் முன்பதிவு இருந்தது, அது தவறிப்போனது. அவர் மகள் என்னிடம் வந்து, கோபமே இல்லாமல், "இதற்காக நான்கு மாதம் காத்திருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. மன்னிப்பு மட்டும் கேட்டேன். அவசரம் வந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டு வண்டியைக் கடந்துபோக வலப்பக்கத்தில் ஒன்றரை அடி தார் இருந்தது. காவலர் அங்கே கயிறு கட்டி ஒரு நடைபாதை அமைத்தார். மறுபக்கம் தளத்தின் வேன் ஒன்றை எப்போதும் தயாராக நிறுத்தச் சொன்னோம்.

மூன்றே முக்கால் மணிக்குப் பள்ளிப் பேருந்து வந்து டிரெய்லருக்குப் பின்னால் நின்றது. ஆறு பிள்ளைகள். காவலர் முன்னால், பேருந்து ஓட்டுநர் பின்னால், நடுவில் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். சாய்வு இடப்பக்கம், அவர்கள் நடந்தது வலப்பக்கம், செயினும் இறுகியிருந்தது. எல்லாம் தெரிந்தும், அந்தப் பதினெட்டு மீட்டரை அவர்கள் தாண்டி முடிக்கும் வரை என்னால் பேச முடியவில்லை. கடைசியாக நடந்த சின்னப் பெண், டயர் புதைந்த இடத்தைக் குனிந்து பார்க்க நின்றுவிட்டாள். பேருந்து ஓட்டுநர் அவள் தோளைத் தொட்டுத் திருப்பினார்.

மீட்பு

மீட்புக்காரர்கள் வந்ததும் முதல் ஒரு மணி நேரம் எதையும் தொடவில்லை. கம்பியால் குத்திக் குத்திப் பார்த்து, பீட் எவ்வளவு ஆழம் என்று அளந்தார்கள். முக்கால் மீட்டருக்குக் கீழே கெட்டித் தரை இருந்தது. அதை வைத்துத்தான் திட்டம் போட்டார்கள்.

13 டன் பொக்லைனுக்கு அதன் சொந்த வேலையையே கொடுத்தார்கள். தளத்திலிருந்து டம்பரில் கல் வந்தது. பொக்லைன் அதைப் பள்ளத்தில் எட்டி எட்டிப் போட்டு ஓரத்தை நிரப்பியது. கல்லின் மேல் கனமான மரப் பலகைகள். அவற்றின் மேல் காற்றுப் பைகளை வைத்து, டிரெய்லரின் இடப்பக்கத்தை அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். எழும்ப எழும்பச் சக்கரத்துக்கடியில் பலகையைச் செருகினார்கள். பின்னால் நின்ற மீட்பு வண்டியின் வின்ச், அதாவது கம்பிவடம் சுற்றி இழுக்கும் உருளை, வலப்பக்க மூலையைப் பிடித்திருந்தது. அது இழுக்கவில்லை, சரிய விடாமல் பிடித்தது மட்டும்தான். ஆறரைக்கு இருட்டிவிட்டது. விளக்குப் போட்டு வேலை தொடர்ந்தது. இரவு 7.20க்கு டிரெய்லர் மட்டமாகித் தாருக்கு வந்தது.

அந்த நேரத்தில் வண்டியை ஓட்டியது காலையில் வந்த ஓட்டுநர் இல்லை. பணி நேர விதிப்படி இன்னும் இரண்டு மணி நேரம் அவருக்குப் பாக்கி இருந்தது. ஆனாலும் ஒன்பது மணி நேரம் மழையில் அந்த வண்டியையே பார்த்துக்கொண்டு நின்ற மனிதரை இருட்டில் மறுபடி அதில் ஏற்றக் கூடாது என்று வேறொருவரை வரவழைத்திருந்தேன். அவருக்கு அது முதலில் வருத்தம். தன்னை நம்பவில்லை என்று நினைத்துவிட்டார். காரில் திரும்பி வரும்போதுதான் பேசித் தெளிந்தோம்.

அன்றிரவு தளத்துக்குப் போக வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஒரு கிலோமீட்டர் முன்னால் வெட்டு மரங்கள் அடுக்கும் கெட்டித் தரை இருந்தது. பொக்லைனை அங்கே இறக்கிவிட்டு, காலி டிரெய்லரைத் திருப்பி அனுப்பினோம்.

நாங்கள் அறியாமல் தப்பியது

மறுநாள் கவுன்சிலின் சாலை ஆய்வாளரோடு மீதிச் சாலையை நடந்து பார்த்தேன். வளைவிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தாண்டி ஒரு கூன்முதுகுக் கல்பாலம். எடையைத் தாங்கும் என்று காகிதத்தில் இருந்தது, உண்மையிலேயே தாங்கும். ஆய்வாளர் அதன் மேல் நின்றுகொண்டு, "உங்கள் டிரெய்லரின் வயிறு எவ்வளவு உயரம்?" என்று கேட்டார்.

இரண்டு ஒரு மீட்டர் குச்சிகள், எட்டு மீட்டர் நைலான் கயிறு. பாலத்தின் இரு பக்கமும் குச்சியை நட்டு, உச்சியில் கயிற்றை விறைப்பாகப் பிடித்து, பாலத்தின் முதுகிலிருந்து கயிறு எவ்வளவு மேலே இருக்கிறது என்று அளந்தோம். 54 சென்டிமீட்டர். அப்படியென்றால் அந்த எட்டு மீட்டருக்குள் பாலம் 46 சென்டிமீட்டர் எழும்புகிறது. டிரெய்லரின் அடிவயிறு தரையிலிருந்து 40. ஏர் சஸ்பென்ஷனை முழுக்கத் தூக்கினால் 52.

அன்று காலை வளைவில் இறங்காமல் போயிருந்தால், பத்து நிமிடத்தில் 58 டன் டிரெய்லர் இந்தப் பாலத்தின் முதுகில் வயிறு தட்டி மாட்டியிருக்கும். இருநூறு ஆண்டுப் பழைய வளைவுக்கல்லின் மேல் எடை முழுவதும் ஒரே இடத்தில் இறங்கியிருக்கும். அதைவிட மோசமான நாள் ஒன்று எங்களுக்காகக் காத்திருந்தது.

இரண்டாம் பயணம்

ஒன்பது நாள் கழித்து அதே பொக்லைனை அதே ஓட்டுநரே கொண்டுபோனார். நான் கேட்டேன், அவரும் ஒப்புக்கொண்டார். இந்த முறை பொக்லைனின் ஏழு டன் எதிர்எடையையும் வாளியையும் கழற்றித் தனி லாரியில் அனுப்பினோம். பின் அச்சுகளை ரிமோட்டால் திருப்பக்கூடிய டிரெய்லரை வாடகைக்கு எடுத்தோம். அதில் பின்பக்கம் வளைவை வெட்டாது, முன் சக்கரத்தின் தடத்துக்குக் கிட்டத்தட்ட வந்து சேரும். ரிமோட்டோடு ஓர் ஆள் பின்னால் நடந்தார். முன்னால் வழிகாட்டி வண்டி ஓர் ஒதுங்குமிடம் முந்திப் போய், எதிரே வருகிறவர்களை அங்கேயே நிறுத்திவைத்து வாக்கி-டாக்கியில் சொன்னது. பள்ளிப் பேருந்து போன பிறகு காலை 9 மணிக்கு உள்ளே நுழைந்தோம். புல் மூடிய விளிம்பை முந்தைய நாளே வெட்டி, வெள்ளைச் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தோம்.

பாலத்தில் சஸ்பென்ஷனைத் தூக்கி, எஞ்சின் ஐடிலில் கடந்தார். நான் குப்புறப் படுத்து அடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். மிச்சம் இருந்தது ஆறு சென்டிமீட்டர், சிகரெட் பெட்டியைச் சாய்த்துச் செருகும் அளவு. 11 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

பிய்ந்த தார் விளிம்பு பதினான்கு மீட்டர். கொடுத்த உறுதிமொழிப்படி செப்பனிடும் செலவை நிறுவனம் ஏற்றது. கவுன்சில் அதோடு நிறுத்தாமல், வளைவின் உள்பக்கத்தைக் கல்லடுக்கி அரை மீட்டர் அகலப்படுத்தியும் கொடுத்தது.

எதை மாற்றினோம்

ஒற்றைத்தடச் சாலை எதுவானாலும் பாதை போடுகிறவர் நேரில் போய் நடந்து பார்க்காமல் 44 டன்னுக்கு மேல் வண்டி அனுப்புவதில்லை. கயிறும் குச்சியும் என் காரிலேயே கிடக்கின்றன. வெட்டுக் கணக்கை ஒவ்வொரு வளைவுக்கும் போட்டு ஓட்டுநரின் தாளில் எழுதித் தருகிறோம்: இந்த வளைவில் வலப்பக்க ஒதுங்குமிடம் காலியாக இருந்தால் மட்டும் நுழை, இல்லையென்றால் முப்பது மீட்டர் முன்னாலேயே நில். சட்டம் கேட்காவிட்டாலும், சுமையின் அகலத்துக்கும் தாரின் அகலத்துக்கும் இடையே அரை மீட்டர்கூட இல்லாத சாலையில் வழிகாட்டி வண்டி போகும். சிக்னல் இல்லாத பகுதிக்குச் செயற்கைக்கோள் தொலைபேசி.

ஓட்டுநர்களிடம் சொல்வதில் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். எதிரே வருகிறவர் எவ்வளவு மரியாதையாக ஒதுங்கி நின்று வாருங்கள் என்று கைகாட்டினாலும், உங்கள் பின் சக்கரத்துக்கு இடம் இருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. அவருக்கு இடம் கொடுக்க மண்ணில் இறங்காதீர்கள். தாரின் நடுவில் நின்றுவிடுங்கள், இறங்கிப் போய்ப் பேசுங்கள். பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. இருபது ஆண்டு நெடுஞ்சாலைப் பழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதால் பலருக்கு இது லேசில் வருவதில்லை. அந்த ஓட்டுநரும் மரியாதைக்காக ஒதுங்கப் போய்த்தான் இறங்கினார்.

இன்னும் சரியாகாதது ஒன்று இருக்கிறது. நடந்து பார்ப்பதற்கு ஒரு நாள், வழிகாட்டி வண்டிக்கு ஒரு நாள் என்று சேர்த்தால் எங்கள் விலை மற்றவர்களைவிட அதிகமாகிறது. அந்தக் குளிர்காலத்தில் மூன்று வேலைகள் அதனாலேயே கைவிட்டுப் போயின. நிறுவனத்தில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், பிள்ளைகள் வரிசையாக டிரெய்லரைக் கடந்த படத்தை மேசை மேல் வைக்கிறேன். இதுவரை யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை.